மச்சினன் விற்ற வண்டி

"வா ராஜா, வா! நீ என் தலையில கட்டின தங்க ரதத்தை வந்து பாரு!"

பைக்கை நிறுத்திய தம்பி இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அவன் அக்கா புருஷன் ஆரம்பித்துவிட்டார். தெருவுக்கே கேட்கும் குரல். கேட்கவேண்டும் என்றுதானே பேசுவது!

பக்கத்து வீட்டு பேங்க்காரர் பேப்பரைத் தாழ்த்தினார். மாடி வீட்டு டெய்லர் பல் தேய்த்துக்கொண்டே கைப்பிடிச் சுவருக்கு வந்துவிட்டார். காலங்காத்தாலே ஓசியில் வேடிக்கை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

"என்ன மாமா, மறுபடியும் ஸ்டார்ட் ஆகலையா?"

"இந்த மாசத்துல மூணாவது தடவை! இன்னிக்கு எங்க மேனேஜரைக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். போன தடவையே அந்த மனுஷன் ரோட்டுல காத்துக் கெடந்தார். என் மானம் போகுதுய்யா!"

மாமா காரின் பானெட்டைத் தூக்கினார். உன்னிடமிருந்து வண்டி வாங்கியதில் நான் பாதி மெக்கானிக் ஆகிவிட்டேன் என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்தார். மறுபடி உள்ளே விட்டு எடுத்து, தெர்மாமீட்டர் பார்க்கிற டாக்டர் மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்தார். பிறகு டெய்லருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"பார்த்தீங்களா சார், ஆயில் கரியா இருக்கு! சொந்தக்காரனாச்சேன்னு நம்பி வாங்கினேன். எஞ்சினே போச்சு!"

"டீசல் வண்டியில ஆயில் சீக்கிரமே கறுத்துடும் மாமா. அளவு ரெண்டு கோட்டுக்கு நடுவுல சரியாத்தான் இருக்கு."

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறியா?"

தம்பி டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தான்.

வாசல் கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். தம்பி முகத்தைப் பார்க்க வெட்கம். வெளியே வந்து, போதும் நிறுத்துங்க என்று சொல்லப் பயம். கூனிக் குறுகி அப்படியே நின்றாள்.

தம்பி சாவியைத் திருப்பினான். செல்ஃப் எடுக்கவில்லை. 'டிக் டிக்' என்றதோடு சரி. ஹாரன் சளி பிடித்த குரலில் முனகியது.

"பேட்டரி இறங்கியிருக்கு மாமா. ராத்திரி ஏதாவது எரியவிட்டீங்களா?"

"என்னைப் பார்த்தா அவ்வளவு முட்டாளாவா தெரியுது?"

ஹெட்லைட் சுவிட்சைப் பார்த்தான். ரேடியோவைப் பார்த்தான். இரண்டும் அணைந்துதான் இருந்தன. பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். குனிந்தவன் உடனே நிமிரவில்லை.

"என்ன, புதையல் ஏதாவது கிடைச்சுதா?"

தம்பி மெல்ல வெளியே வந்தான். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் தப்புதான் மாமா. பேட்டரி பழசு. விக்கும்போதே மாத்திக் குடுத்திருக்கணும். சாயங்காலம் புதுசு கொண்டுவந்து போட்டுடறேன்."

"கேட்டுக்கிட்டீங்களா சார்!" மாமா ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். "ஊரான் ஏமாத்தினா போலீசுக்குப் போகலாம். மச்சினன் ஏமாத்தினா எங்க போறது?"

"சொந்தத்துல வண்டி வாங்கவே கூடாது சார்," என்று பேங்க்காரர் எடுத்துக் கொடுத்தார்.

தம்பியின் முகம் சுண்டிப்போனது.

"இதுதான் கடைசி. இன்னொரு தடவை இது கிளம்பலைன்னா, அக்கா கிக்கான்னு இந்த வாசப்படியை மிதிக்காதே. சொல்லிட்டேன்!"

தம்பி தலையாட்டினான். மாமா ஸ்டீயரிங்கைப் பிடிக்க, பின்னாலிருந்து ஒற்றை ஆளாகத் தள்ளினான். வேடிக்கை பார்த்த ஒருத்தரும் கை கொடுக்க இறங்கி வரவில்லை. தெருமுனைச் சரிவில் வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. மாமா ஒரு சுற்று ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டு, கையிலிருந்த ஆயில் கறையைக் கழுவக் குளியலறைக்குப் போனார்.

ஜன்னலுக்கு வெளியே, பின்பக்கக் குழாயடியில் பேச்சுக்குரல் கேட்டது. தம்பியும் கை கழுவிக்கொண்டிருந்தான். அக்கா துண்டோடு நின்றாள்.

"விக்கும்போதே நீ புதுசா மாத்திக் குடுத்த பேட்டரிதானேடா அது? எதுக்கு அத்தனை பேர் முன்னாடி பழசுன்னு சொன்னே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? பின்சீட்டுல உன் மூக்குக் கண்ணாடியும் கசங்கின கைக்குட்டையும் கெடந்துதே, அதைச் சொல்லவா? மேல இருக்கிற சின்ன லைட்டு ராத்திரி பூரா எரிஞ்சிருக்கே, அதைச் சொல்லவா?" அவன் குரலை இறக்கினான். "நேத்து எதுக்குக்கா திட்டு?"

"சாப்பாட்டுல உப்பு தூக்கலா இருந்துதாம். பிள்ளைங்க பார்க்கக் கூடாதேன்னுதான் வண்டிக்குள்ள போய்..." அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உள்ளே மாமாவின் கையிலிருந்து சோப்பு நழுவி விழுந்தது. இந்த மாதம் வண்டி நின்றுபோன மற்ற இரண்டு காலைகளை நினைத்துப் பார்த்தார். அவற்றுக்கு முந்தின ராத்திரிகளும் நினைவுக்கு வந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது. மச்சினன் மானத்தை வாங்கத் தெருவையே கூட்டியவர், இப்போது ஜன்னலுக்குக் கீழே தலையைத் தாழ்த்தி ஒளிந்து நின்றார்.

வெளியே தம்பி குழாயை மூடினான்.

"அழணும்னா அழுக்கா. ஆனா இறங்கும்போது ஞாபகமா லைட்டை அணைச்சுடு. இன்னொரு தடவை வண்டி நின்னுபோச்சுன்னா, உன்னை வந்து பார்க்க நான்கூட இருக்கமாட்டேன்."