திறந்த பானையில் நாற்பது நாள்

முதல் ஹம்மிங்கிலேயே தெரிந்துவிட்டது. அவளுடைய பாட்டு.

இந்த விருதில் அப்படி ஒரு வழக்கம். வென்றவர் யார் என்று முதலில் சொல்ல மாட்டார்கள். அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை முழுசாக ஒலிக்கவிடுவார்கள். எத்தனை விற்றது என்று யாரும் கேட்பதில்லை. நல்லவேளை. அவளுடையதை வாங்கியவர்கள் எண்பத்தாறு பேர். அதில் பாதி சொந்தக்காரர்கள்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

ஆனால் ஒலிப்பது நான்காம் பாட்டு. பக்கத்து நாற்காலியில் பிலோமினா அக்கா.

அக்கா குடியிருப்பது அவள் வீட்டுக்கு நேர் மேலே, மாடியில். கீழே தன் படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாத்திவைத்து அவள் பாடிப் பதிவு செய்த நாற்பது நாளும் அக்கா குக்கரைத் தொடவில்லை. விசில் சத்தம் பாட்டில் விழுந்துவிடக் கூடாதாம். சோறு, பருப்பு எல்லாம் திறந்த பானையில்தான். கேஸ் பாதி மாதத்திலேயே தீர்ந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரே ஒரு நாள், சம்பந்தி வீட்டார் சொல்லாமல் வந்துவிட்டார்கள். ஆட்டுக்கறி. அவசரத்தில் அக்கா மறந்துவிட்டார்.

ஒரு விசில்.

ஆல்பம் விற்கவில்லை என்று தெரிந்ததும் கண் கலங்கிக் கேட்டார், தன் குக்கரால்தானா என்று. அதை அன்றைக்கே எடுத்தாயிற்று என்று அவள் பொய் சொன்னாள். அக்கா வீட்டில் ஆல்பத்தைப் போட்டுக் கேட்க வசதி இல்லை; உறையையும் அவள் காட்டவில்லை.

எடுக்க மனசு வரவில்லை. பல்லவி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் அது பாந்தமாக வந்து உட்கார்ந்திருந்தது.

இப்போது பல்லவி முடிந்தது.

விசில்.

அக்காவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"எடுத்தாச்சுன்னு சொன்னியேடி."

பாட்டு முடியும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை.

தொகுப்பாளர் ஆல்பத்தின் உறையைப் பார்த்து, பாட்டில் பங்கேற்றவர்களின் பெயர்களை வாசித்தார். குரல், அவள். புல்லாங்குழல், தேவசகாயம். கடம், வைதேகி.

"குக்கர் விசில், பிலோமினா."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான். கைகளைக் கூப்பினார்.

அரங்கம் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டது. முதல் வரிசையில் நடுவர் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூப்பிய கையை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

மேடையிலிருந்து அவள் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.