கடைசியாக ஒரு கிரில்

“அந்த வீடு எரிஞ்சா அது அவங்க பாடு. நம்ம வேலை சொல்றது மட்டும்தான்,” என்றார் மேனேஜர்.

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கேன்டீனில் டீ தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஏழாம் சீட்டுக்காரி ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். சனிக்கிழமை மதியம்; மற்ற சீட்டெல்லாம் காலி.

ஒரு மாதமாக இதே வேலைதான். ஒரு கம்பெனி விற்ற, கறி வாட்டுகிற கேஸ் கிரில் அடுப்பில் அடியில் போகிற ரப்பர் குழாய் சூட்டில் உருகித் தீப்பிடிக்கிறதாம். விற்றதையெல்லாம் திரும்பக் கேட்டிருந்தார்கள். வாங்கியவர்களுக்குப் போன் போட்டுச் சொல்கிற பொறுப்பு இந்த ஆபீசுக்கு. அதற்கு முன்னால் ஒரு மெத்தைக் கம்பெனிக்காகப் பேசினார்கள். யாருக்காகப் பேசுகிறார்களோ அந்தக் கம்பெனி ஆள் என்றுதான் சொல்லவேண்டும். சொந்த ஆபீசின் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும்.

இரண்டாயிரத்து முந்நூறு கிரில்லில் ஒன்றே ஒன்று பாக்கி.

“மூணு லெட்டர் போட்டாச்சு. ஒன்பது தடவை போன் அடிச்சாச்சு. ‘தகவல் சொல்லப்பட்டது’ன்னு போட்டு மூடும்மா. இன்னிக்காவது நேரத்தோட வீட்டுக்குப் போகணும்.”

“சொல்லவே இல்லையே சார். வாங்கினவர் வீடு மாறிட்டார், லெட்டரெல்லாம் பழைய வீட்டுலயே கிடக்கு. இப்ப அங்க குடியிருக்கறவங்கதான், கிரில் அவரோட அக்கா வீட்டுல இருக்குன்னு சொல்லி ஒரு நம்பர் குடுத்தாங்க. அதுக்குத்தான் அடிச்சிட்டிருக்கேன்.”

“துப்பறியறதுக்கா உனக்குச் சம்பளம்?” மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். பின்னால் குழந்தைகள் சத்தம் காதைப் பிளந்தது.

“அம்மா, கேஸ் கிரில் கம்பெனியிலிருந்து பேசறேன்.”

“எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா.”

“விக்க வரலைம்மா. உங்க தம்பி குடுத்த கிரில் உங்ககிட்டதானே இருக்கு?”

“இருக்கு. அதுலதான் சமைச்சிட்டிருக்கேன். பசங்க எட்டுப் பேர் தட்டோட நிக்கறாங்க, அப்புறமா பேசு.”

“உடனே அணைச்சிடுங்கம்மா. அது தீப்பிடிக்கும். ரப்பர் கருகற வாசனை வருதா பாருங்க.”

மூக்கை உறிஞ்சி மோந்து பார்க்கும் சத்தம் கேட்டது.

“லேசா வருது. எந்தப் பிள்ளையாவது செருப்பைக் கிட்ட விட்டிருக்கும்.”

“செருப்பு இல்லைம்மா. ரெண்டு நிமிஷம் அணைச்சுட்டுப் பாருங்களேன்.”

“பாதி வெந்து நிக்குது, அணைக்கறதாம். போன வாரம் இப்படித்தான் ஒருத்தி. தண்ணித் தொட்டியில என்னமோ கலந்திருக்குன்னு பயமுறுத்தி, வீட்டு விவரம் அத்தனையும் கறந்துட்டா. எங்க வீட்டுக்காரர் என்னை வறுத்தெடுத்துட்டார். இனிமே போன்ல எவ எது சொன்னாலும், அவரைக் கேக்காம ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாதுன்னு உத்தரவு.”

“அப்ப அவரையே கேளுங்க. இப்பவே.”

“இரு, இது வீட்டு போன். செல்லுல அடிக்கறேன்.”

ஏழாம் சீட்டுக்காரி காத்திருந்தாள். மேனேஜர் மேசை விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டினார். சட்டைப் பையில் செல்போன் உறுமியது, பார்க்காமலே அமுக்கிவிட்டு, “ஒரு போனுக்கு ஆறு நிமிஷம்தான். உனக்கு அஞ்சு ஆயிடுச்சு,” என்றார்.

“எடுக்கலை,” என்றது காதில் குரல். “வேலை நேரத்துல எடுக்கவே மாட்டார், பெரிய உத்தியோகம். சாயங்காலம் வந்ததும் கேட்டுச் சொல்றேன்.”

“சாயங்காலம் வரைக்கும் தாங்காதும்மா. பிள்ளைங்களையாவது உள்ள அனுப்புங்க.”

“மிரட்டறியா? முகம் தெரியாத நீ சொன்னா நான் கேக்கணுமா? அவர் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் அணைக்கறேன்.”

மேனேஜர் குனிந்தார். “என்னவாம்?”

“வீட்டுக்காரர் சொன்னாத்தான் அணைப்பாங்களாம்.”

“நல்ல குடும்பம். அந்த ஆள் எங்க?”

“வேலையில இருக்காராம். போனை எடுக்கலையாம்.”

“வீட்டுல நெருப்பு, இவர் போன் எடுக்கமாட்டார். இப்படியும் சில ஜென்மம். மூடு, ஆறு நிமிஷம் ஆச்சு.”

அவள் மூடவில்லை. அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்த ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. அவருக்கு இன்னொரு தடவை அடிங்க.”

“எடுக்கமாட்டார்னு சொல்றேனே.”

“அடிங்கம்மா.”

பெருமூச்சு ஒன்று கேட்டது. அப்புறம் பொத்தானைத் தட்டும் சத்தம்.

மேனேஜரின் பை உறுமியது. அவர் வழக்கம்போலப் பார்க்காமலே கையை விட்டார். அவள் எழுந்து அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“கட் பண்ணாதீங்க சார். கிரில்லை அணைக்கச் சொல்லுங்க, உங்க பேச்சைத்தான் கேப்பாங்களாம்.”