அறுபது எண்ணும் வரை

தீவுக்கும் கரைக்கும் நடுவே, கடல் விலகும்போது மட்டும் தெரிகிற சாலையில், அந்தப் பழைய வெள்ளைக் கார் மூன்றாம் முறையாக நின்றுவிடுகிறது. சாலையை மூடியாகிவிட்டது என்று கரையிலிருந்து ஒலிபெருக்கி சொல்கிறது. நடந்தால் கரைக்கு அரை மணி நேரம். கடலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இருபுறமும் சேறு மினுங்குகிறது. அந்த மினுக்கம் தண்ணீராக நகர்ந்து வருவதைக் காருக்குள்ளிருந்து மால்சுன் பார்க்கிறாள். புருஷன் பியோங்தே சாவியைத் திருக, எஞ்சின் பிடிக்கிறது. அவள் உதட்டுக்குள் எண்ணுகிறாள். அறுபதில் திணறி அடங்குகிறது. "பேட்டரி நல்லாத்தானே இருக்கு," என்கிறான். "மூச்சு முட்டின மாதிரியில்ல சாவுது. காலையில என்னத்த நோண்டினீங்க?" என்கிறாள். "ஒண்ணும் நோண்டல. ஃபுல் டேங்க் போட்டேன். உப்புத்தண்ணி போயிரக் கூடாதேன்னு டேங்க் மூடியயும் அதுல இருக்குற காத்து ஓட்டையயும் சேத்து பிளாஸ்டிக் சுத்தி இறுக்கிக் கட்டினேன்." சொல்லும்போதே அவன் முகம் வெளுக்கிறது. "மூக்கப் பொத்திக் கட்டிட்டு, ஏன் ஓடலன்னு கேக்குறீங்க," என்றபடி இறங்குகிறாள். தண்ணீர் அவள் ரப்பர் பூட்ஸை நனைக்கிறது. சிப்பி திறக்கும் கத்தியால் பிளாஸ்டிக்கை அறுத்து மூடியைத் திருகித் திறந்ததும், டேங்க் உஸ்ஸென்று நீளமாகக் காற்றை இழுக்கிறது. மூடியைத் திரும்பப் போட்டு அவள் ஏறிக்கொள்ள, கார் நகர்கிறது. பின்சீட்டில் சிப்பி வாளிகள் உரசுகின்றன. ஐம்பத்தொன்பது. அறுபது. அறுபத்தொன்று. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்னால் சாலை இல்லை. சாலையோர வெள்ளைக் கம்பங்கள் மட்டும் கரை வரை வழிகாட்டித் தண்ணீரில் நிற்கின்றன. "அதான் ஓடுதே, இன்னும் என்னத்த எண்ணுற?" என்கிறான். அவள் கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "கம்பத்த."