இரண்டு ரிங்

போன் கடைப் பெண் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் தலையாட்டினார்.

அவருடைய சிம் கையில் பிடிக்கிற சிம் அல்ல, போனுக்குள்ளேயே இருக்கிற இ-சிம். கழற்றவும் முடியாது, மாட்டவும் முடியாது. ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பத்தான் வேண்டும். மகள் உபயோகித்துவிட்டுக் கொடுத்த போனில் அது இருந்தது. அதன் டிஸ்ப்ளே பாதி கறுத்துவிட்டது. அம்மா போன் சும்மாதானே கிடக்கிறது, அதில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று புனேயிலிருந்து மகள்தான் சொன்னாள்.

அவர் மனைவி சுலோச்சனா போய் எட்டு மாதம் ஆகிறது.

இதில் ஏற்கெனவே ஒரு நம்பர் இருக்கிறதே, எடுத்துவிடவா என்று கடைப் பெண் கேட்டாள்.

வேண்டாம் என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

ஒரே போனில் இரண்டு நம்பரும் இருக்கலாமாம். மேலே சுலோச்சனா, கீழே அவர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பழைய போனில் சிக்னல் போய்விட்டது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பம்ப் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் சிங்காநல்லூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கை தானாகப் பைக்குள் போனது.

இருபது வருடப் பழக்கம். இறங்கியதும் அவளுக்கு இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவார். அவள் எடுக்க மாட்டாள். டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, வந்து காம்பவுண்டு கேட்டின் உள்தாழை நீக்கி வைப்பாள். மூன்று குடித்தனத்துக்கும் ஒரே கேட். விளக்கு வைத்ததும் தாழ் போட்டுவிடுவார்கள்.

அவள் போன பிறகும் அவர் விடவில்லை. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே விரல் அழுத்திவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான், வேறென்ன? காலையில் கிளம்பும்போது அவள் போனைச் சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் அது இரண்டு முறை அடிக்கும். பூட்டிய வீட்டுக்குள் தனக்காக ஏதோ ஒன்று சத்தம் போடுகிறது. அந்தத் தெம்பில்தான் மீதித் தெருவை நடப்பார்.

இன்றும் அழுத்தினார்.

ரிங் போகவில்லை.

மறுபடி அழுத்தினார். அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் அடிக்க வேண்டிய போன் அவர் கையில் இருக்கிறது.

இது கூடவா தோன்றாமல் போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவள் நம்பரைக் காப்பாற்றியதாக மதியம் எவ்வளவு பெருமை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு மீதித் தெருவை நடந்தார்.

கேட் தாழ் போட்டிருந்தது.

எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை. தினமும் திறந்தே கிடந்தது. சுலோச்சனா போன பிறகு யாரும் தாழ் போடுவதில்லை என்று நினைத்திருந்தார். அதைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை.

தட்டினார்.

பக்கத்து வீட்டு ருக்குமணி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடிவந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

“இன்னைக்கு ரிங் கேக்கலீங்களேண்ணா,” என்றாள். “அதான் நான் தொறக்கல.”

தாழ் நீங்கியது. அவள் விலகி நின்றாள். அவர் உள்ளே வரவில்லை.

நாளைக்கு அந்தக் கடைக்கே போக வேண்டும். தன் நம்பரைப் பழைய போனுக்கே திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். டிஸ்ப்ளே கறுத்தால் கறுத்துவிட்டுப் போகிறது. இரண்டு ரிங் விடுவதற்குக் கண் எதற்கு?

ருக்குமணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்குக் கேக்கும், ருக்குமணி,” என்றார்.