தூங்கட்டும்

பெனிட்டா விடைத்தாளின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள்.

சகாயராணி டீச்சர் அதைப் பார்த்தாள். ஓசைப்படாமல் நடந்துபோய் அவள் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

வெயில் முகத்தில் அடித்தால் பிள்ளை முழித்துக்கொள்ளும் அல்லவா?

பின் பெஞ்சுப் பெண் எழுப்பக் கை நீட்டினாள். டீச்சர் முறைத்த முறைப்பில் கை தானாக மடங்கியது.

பெரியகுளத்து விடுதிப் பள்ளியில் செலவில்லாமல் படிக்க ஒரே ஓர் இடம். அதற்கான தேர்வு இது. எட்டாம் வகுப்பில் விட்டால் விட்டதுதான்.

போன வருடம் இதே தேர்வில் டீச்சரின் மகன் பிரவீனும் பேனாவைப் பிடித்தபடி தூங்கினான். அவனை யாரும் எழுப்பவில்லை.

எல்லாம் பெனிட்டாவின் அப்பன் ஞானதுரையின் வேலை. டிராகன் பழச்செடியைப் பருவம் தப்பிப் பூக்க வைக்க, ராத்திரியெல்லாம் டீச்சர் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் விளக்கு எரித்தான். வேலியோரக் கம்பத்து விளக்கு நேராகப் பிரவீனின் ஜன்னலில் அடித்தது.

செடி பூத்தது. பிள்ளை வாடிப்போனான். படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை. தொட்டதற்கெல்லாம் கத்தினான். ஒருநாள் சோற்றுத் தட்டையே அம்மா மேல் விட்டெறிந்தான்.

நியாயம் கேட்கப் போனவளிடம் ஞானதுரை பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்.

"சன்னலச் சாத்திட்டுப் படுக்கச் சொல்லுங்க டீச்சர்."

அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் எரிந்தது. இதோ, சாத்தியாயிற்று.

போலீசுக்குப் போவேன் என்று மிரட்டிய மறுவாரமே விளக்கு திரும்பிக்கொண்டது. இப்போது அது ஞானதுரையின் வீட்டிலேயே அடிக்கிறது. பயந்துவிட்டான் பயல். அவன் மகள் இப்போது வகுப்பு வகுப்பாகத் தூங்கி வழிகிறாள்.

அனுபவிக்கட்டும். சகாயராணிக்கு வயிறு குளிர்ந்தது.

மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினார்கள். அவள் பெனிட்டாவின் கன்னத்துக்கு அடியிலிருந்து விடைத்தாளை உருவினாள். பெயரைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

பெனிட்டா திடுக்கிட்டு எழுந்தாள். தாளைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

"லைட்ட எங்க வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டது நாந்தான் டீச்சர். அப்பா, காத்துல திரும்பிருச்சுன்னு நினைச்சிட்டிருக்காக. சொல்லிராதீக."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"பிரவீன் அண்ணன் இப்ப நல்லாத் தூங்குதா?"