பிரேக்கில் காற்று

"மிதிங்க... பிடிச்சுக்குங்க... நான் நட்டை முடுக்கினப்புறம் காலை எடுங்க. முந்திட்டா காத்து திரும்ப உள்ளே போயிடும்!"

வீட்டிலேயே கார் கட்டும் மெக்கானிக், வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு கத்தினார். பெடலை மிதித்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர். பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் குழாய் நுனியிலுள்ள நட்டைத் திறந்து காற்றை விட்டு மூட. மெக்கானிக் வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

"ஒன்பது நாளா மிதிக்கிறேன். இதையே மெஷின்ல மிதிச்சிருந்தா ஊருக்கே சட்டை தைச்சிருப்பேன்."

"இன்னும் காத்து இருக்குண்ணே. நாளைக்கும் வாங்க."

உண்மையில் காற்றெல்லாம் இரண்டாம் நாளே போய்விட்டது. தையல்காரர் தெருவைத் தாண்டியதும் நட்டைத் தளர்த்தி, பெடலை நாலு மிதி மிதித்து, மறுபடி காற்றை உள்ளே அழைத்தவர் சாட்சாத் மெக்கானிக்தான். பிரேக் பிடித்துவிட்டால் அந்த மனிதரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? சும்மா வாங்க, பேசிக்கொண்டிருக்கலாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பத்தாம் நாள் தையல்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக்குக்கு மனசு உறுத்தியது.

"இன்னைக்கே முடிச்சிடுறேன்ணே. நாளையிலேர்ந்து உங்க காலுக்கு லீவு."

தையல்காரர் ஏறி உட்கார்ந்து பெடலில் காலை வைத்தார்.

அன்று மெக்கானிக் ஒரு தில்லுமுல்லும் செய்யவில்லை. ஆனாலும் எத்தனை தடவை மிதித்தும் குமிழி வந்துகொண்டே இருந்தது. சந்தேகத்தோடு தலையைத் திருப்பினார். வண்டிக்குத் தரைத்தகடு இன்னும் பொருத்தாததால், தையல்காரரின் கால் கீழிருந்தே தெரிந்தது.

இவர் நட்டை முடுக்குவதற்குள், சத்தமே இல்லாமல், அந்தக் கால் பெடலை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் தலையை மறுபடி நட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவை நட்டை இன்னும் மெதுவாகத் திருகினார்.