மூன்றாவது கல்லூரி

விண்ணப்பம் அனுப்ப இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. ஒருமுறை அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது.

செம்மொழி மூன்று கலைக் கல்லூரிகளைக் குறித்திருந்தாள். தில்லியில் இருப்பது கிடைத்தால் அதிர்ஷ்டம். சென்னையில் இருப்பது அவள் மதிப்பெண்ணுக்குப் பொருத்தம். கும்பகோணத்தில் இருப்பது நிச்சயம் கிடைக்கும்.

"கும்பகோணத்தை லிஸ்ட்லேருந்து எடுத்துடு" என்றாள் அம்மா, வாசலைப் பார்த்தபடி.

"ஏம்மா? அப்பாதானே அதைச் சேர்க்கச் சொன்னாங்க! சேர்ந்தா ஸ்கூட்டி வேற வாங்கித் தர்றாங்களாம்."

"மண்டியில நெல்லு போட்டுட்டு அவர் வர்றதுக்குள்ள எடுடி."

"மத்த ரெண்டும் கிடைக்கலேன்னா? நான் மாடுதான் மேய்க்கணும்."

"சேர்ந்தே மேய்ப்போம். எடு."

பக்கத்துத் திருவாரூருக்கு அவள் தனியாகப் போனாலே பத்து முறை போன் செய்கிற அம்மாவா இப்படிப் பேசுகிறாள்? செம்மொழிக்குக் கோபம் வந்தது.

"காரணம் சொல்லு. இல்லேன்னா இப்பவே அனுப்பிடுவேன்."

தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"அது கிடைச்சா மத்த ரெண்டுக்கும் உன்னை விடமாட்டார்டி. அந்த காலேஜுக்குப் பின்தெருதான் எங்கண்ணன் வீடு. அங்கேயிருந்தே படிக்கட்டும்னு, வர்ற தையில அண்ணன் மகனுக்கும் உனக்கும் கல்யாணம் பேசி முடிச்சிட்டார் உங்கப்பா."